வைப்பாற்றங்கரைக் காளை

இடைசெவலில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நாலுவழிச் சாலைக்கு இரண்டு பக்கமும் பார்வையைத் தடுக்க ஒன்றும் கிடையாது. உழுதுபோட்ட புஞ்சைகள் புரட்டாசி வெயிலில் வானத்தின் விளிம்புவரை கறுத்துக் கிடந்தன. மழை விழுந்தால் உளுந்தும் பாசியும் கம்பும் சோளமும் விதைக்க ஊர் காத்திருந்தது. சாலையோரப் புஞ்சைக்குள் இறங்கினேன். உழாமல் விட்ட ஓரத்தில் நிலம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு வெடிப்புக்குள் கையை விட்டேன். முழங்கைவரை போயும் அடி தட்டவில்லை. கரிசலில் தொல்பொருள் தேடுகிறவர்களுக்கு இந்த வெடிப்பு எவ்வளவு பெரிய சங்கடம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் 1923இல் பிறந்த ஊர் இது. ஒரே ஆண்டில், ஒரே சிற்றூரில், இரண்டு பெரும் கதைசொல்லிகள். கரிசலுக்குள் எங்கே போவதானாலும் முதலில் இங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவதில் எனக்கு ஒரு நிறைவு இருக்கிறது. இந்தமுறை போக வேண்டிய இடம் இன்னும் வடக்கே, விருதுநகர் மாவட்டத்தில், வெம்பக்கோட்டையை ஒட்டிய விஜயகரிசல்குளம். வைப்பாற்றங்கரையில் இருக்கும் அந்த ஊரின் மேட்டுக்காட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2022 மார்ச்சில் அகழாய்வைத் தொடங்கியது. 2024இல் நடந்த மூன்றாம் கட்டத்தில் அங்கே ஒரு சூதுபவளக் கல் கிடைத்தது. திமிலுள்ள காளை ஒன்று சீறி நிற்கிற கோலத்தில் அதில் குழிவாக வெட்டப்பட்டிருந்தது. துறை வெளியிட்ட படத்தில் பார்த்ததுதான். பார்த்த நாளிலிருந்து அந்தக் கல் கிடந்த மண்ணை மிதிக்க வேண்டும் என்ற ஆசை என்னை விடவில்லை.

சிலை செய்கிறவர் உருவத்தை வெளியே புடைக்க வைப்பார். குழிவெட்டுக்காரர் உருவத்தைக் கல்லுக்குள்ளே இறக்குகிறார். காளையின் திமில் எங்கே மிக உயரமோ அங்கே குழி மிக ஆழம். கல்லில் இடப்பக்கம் பார்க்கும் காளை, மெழுகிலோ களிமண்ணிலோ பதித்தால் வலப்பக்கம் பார்த்துப் புடைத்து நிற்கும். வெட்டுகிறவருக்கு இவை இரண்டும் தலைகீழாக மனத்தில் இருக்க வேண்டும். வெட்டிக்கொண்டிருக்கும்போது குழிக்குள் பொடியும் எண்ணெயும் நிறைந்திருக்கும், உருவம் சரியாகத் தெரியாது. அடிக்கடி துடைத்து, மெழுகில் ஒற்றி ஒற்றிப் பார்த்துத்தான் அடுத்த கோட்டுக்குப் போக முடியும்.

ரோமாபுரியில் இந்தக் கலை ஒரு மோகமாகவே இருந்தது. பேரரசர் அகஸ்டஸ் முதலில் ஸ்பிங்க்ஸ் உருவம் வெட்டிய முத்திரையை வைத்திருந்தார். பிறகு அலெக்சாந்தரின் தலை. கடைசியில் டயஸ்கூரிடிஸ் என்ற புகழ்பெற்ற கைவினைஞர் வெட்டித்தந்த தன் சொந்த முகம். கடிதத்தை மூடி மெழுகில் இந்த மோதிரத்தை அழுத்தினால் அதுவே கையெழுத்து. பேரரசருக்கு டயஸ்கூரிடிஸ் இருந்தார். கப்பலில் சுமை ஏற்றுகிறவருக்கும், படைவீரருக்கும், விடுதலை பெற்ற அடிமைக்கும்கூட ஒரு முத்திரை மோதிரம் தேவைப்பட்டது. அவர்களுக்காக வந்ததுதான் கண்ணாடிக் கல். நல்ல கல்லில் வெட்டிய உருவத்தை ஈரக் களிமண்ணில் ஒற்றி எடுத்துச் சுட்டால் அச்சு தயார். உருகி இளகிய கண்ணாடியை, கொழுக்கட்டை மாவை அழுத்துவதுபோல, அதன்மேல் அழுத்தினால் மூலக்கல்லில் இருந்த அதே குழி கண்ணாடியிலும் விழும். ஓரத்தைத் தேய்த்து மோதிரத்தில் பதித்துவிடலாம். ஒரு மூலக்கல்லிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். பல நிறக் கண்ணாடியைப் பட்டை பட்டையாகச் சேர்த்து அகேட் கல் மாதிரியே செய்தார்கள். கறுப்பின்மேல் நீலப் படலம் ஏற்றி ஓனிக்ஸ் மாதிரியும் செய்தார்கள்.

கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோன மூத்த பிளினி, தன் 'இயற்கை வரலாறு' நூலின் 37ஆவது புத்தகம் முழுவதையும் மணிகளுக்கே ஒதுக்கியிருக்கிறார். போலிக்கல் செய்யக் கற்றுத்தரும் நூல்கள் இருக்கின்றன, அவற்றின் ஆசிரியர்களை நான் பெயர் சொல்லமாட்டேன் என்று கோபப்படுகிறார். இதைவிட லாபம் தரும் மோசடி இல்லை என்கிறார். கண்டுபிடிக்க வழியும் சொல்கிறார். காலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நல்ல கல் கனமாக இருக்கும், வாயில் வைத்தால் அதிகம் குளிரும். போலிக்குள் குமிழி தெரியும். இந்தியர்கள் படிகத்துக்குச் சாயமேற்றிப் பச்சைக்கல்லாக்கி விற்கிறார்கள் என்று புகார் சொல்லும் அதே பிளினி, இந்தியாவில் படிகத்தை நொறுக்கிக் கண்ணாடி செய்வதால் அதற்கு நிகரான கண்ணாடி வேறெங்கும் இல்லை என்றும் எழுதியிருக்கிறார். புகாரும் புகழும் ஒரே கைத்திறனைப் பற்றியவை என்றே நான் வாசிக்கிறேன்.

கோவில்பட்டியில் கி.ரா.வுக்கு எழுப்பியிருக்கும் நினைவரங்கத்தை வெளியே நின்று பார்த்துவிட்டு, கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு கழுகுமலை பஸ் ஏறினேன். நேரே சாத்தூர் வழியாகப் போயிருக்கலாம். கல்லை வெட்டிய ஒரு காரியத்தைப் பார்க்கப் போகும் வழியில் வெட்டுவான் கோயிலைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வேலை அது. மலையின் ஒரு பாறையைச் சுற்றிலும் அகழி எடுத்ததுபோலப் பிரித்து, உச்சியிலிருந்து கீழ்நோக்கி வெட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். சிகரமும் தட்சிணாமூர்த்தியும் கணங்களும் முடிந்து நிற்க, அடிப்பகுதி வெறும் பாறையாகவே இருக்கிறது. கட்டடம் கட்டுகிறவருக்குப் பிழை நேர்ந்தால் கல்லை மாற்றலாம். வெட்டி எடுக்கிறவருக்கு அந்த வாய்ப்பில்லை, உடைந்தது உடைந்ததுதான். சூதுபவளத்தில் காளை வெட்டியவருக்கும் இதே நிலைமை. அவருக்கு இன்னொரு சிரமமும் கூடுதலாக இருந்தது. கருங்கல்லுக்கு இரும்பு உளி போதும். சூதுபவளம் இரும்பைவிடக் கடினமானது, உளி அதில் வழுக்கும். வில்லைக் கட்டி முன்னும் பின்னும் இழுத்துச் சுழற்றும் துளைக்கருவியின் முனையில் குருந்தப்பொடியை எண்ணெயில் குழைத்து வைத்தால், கல்லை அரைப்பது அந்தப் பொடிதான். இன்னொரு வழி வைரம். உடைந்த வைரச் சில்லுகளை இரும்பில் பதித்து எவ்வளவு கடினமான மணியையும் குடைகிறார்கள், வெட்டுகிறவர்கள் அந்தச் சில்லுகளைத் தேடி அலைகிறார்கள் என்று பிளினி சொல்கிறார். அந்தக் காலத்தில் வைரம் அங்கே போனது இந்தியாவிலிருந்து. ரோமாபுரியில் மோதிரக் கல் வெட்டியவரின் கருவி முனையில் இந்திய வைரமும், அவர் மடியில் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போன சூதுபவளமும் இருந்திருக்கும் என்று நினைக்கும்போது, மேற்கிலிருந்து கிழக்குக்கு மட்டும் அம்புக்குறி போட்டுக் காட்டும் வரைபடங்கள்மீது எனக்கு நம்பிக்கை போய்விடுகிறது.

கழுகுமலையிலிருந்து வடக்கே போகும் சாலையில் பட்டாசுத் தொழிற்சாலைகளின் சின்னச் சின்னக் கட்டடங்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கின்றன. இடையில் வேலிக்கருவை, பருத்திக் காடு, மறுபடியும் வேலிக்கருவை. விஜயகரிசல்குளத்தில் இறங்கி வழி கேட்டால் சின்னப் பிள்ளைகள்கூடக் கை நீட்டிக் காட்டுகிறார்கள்.

மேடு பெரிய உயரமில்லை. ஆற்றுப் பக்கமாகச் சரிந்து போகிறது. காலடியெல்லாம் கருப்பு சிவப்புப் பானை ஓடு. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா பக்கத்தில் வந்தார்.

"குழி பாக்க வந்தீகளா, தம்பி?"

"ஆமா பெரியம்மா. இங்க முந்தி நீங்க ஏதாச்சும் எடுத்திருக்கீங்களா?"

"எடுக்காம என்ன? மழ பேஞ்சு ஓஞ்சா பாசி மினுங்கும்ல. பச்ச, நீலம், செவப்பு. சின்னப்புள்ளைல பெறக்கி நூல்ல கோத்துக் கழுத்துல போட்டுக்கிருவோம். எங்காத்தா, செத்தவுக போட்டதுடி, கழட்டி எறின்னு ஏசும்."

"இப்ப?"

"இப்ப ஒன்னு ரெண்டு அம்புட்டா ஆபீசுக்காரக கைல குடுத்துருவோம். அவுக பேரு எழுதி வச்சிக்கிருதாக."

அவர் பொறுக்கியது கண்ணாடி மணிகள். இந்த மேட்டில் மூன்று கட்டங்களிலும் ஆயிரக்கணக்கில் பொருள்கள் எடுத்திருக்கிறார்கள். கண்ணாடி மணிகள், சங்கு வளையல்கள், சுடுமண் உருவங்கள், சில்லுவட்டுகள், தந்தத்தில் செய்த பகடை, செப்புக்காசுகள், கொஞ்சம் பொன். இவற்றில் கண்ணாடி மணியை யாரும் செய்தியின் தலைப்பில் போடுவதில்லை. எனக்கு அதுதான் மிக அருமையானதாகப் படுகிறது. உருகிய கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, முனை மழுங்கச் சாம்பலோடு சேர்த்து மறுபடி சூடாக்கும் முறை தென்னிந்தியாவின் பெரும் கண்டுபிடிப்பு. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் செய்த இத்தகைய மணிகள் தென்கிழக்காசியா முழுவதும் போயின. ஆந்திரத்தில் திருப்பதிக்குப் பக்கத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் இந்த முறை நம் காலம்வரை உயிரோடு வந்திருக்கிறது. ரோமாபுரியின் ஏழைக்குக் கண்ணாடி முத்திரை எப்படியோ, கரிசல் பெண்ணுக்கு இந்த மணி அப்படி. சூதுபவளம் வாங்க முடியாத கழுத்துக்கும் நிறம் வேண்டும்.

இடைசெவலில் கையை விட்டுப் பார்த்த வெடிப்புக்கு இப்போது வருகிறேன். கரிசல் மண்ணின் களி, ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் மேலே கிடக்கும் சிறு மணி வெடிப்பின் வழியே கீழே விழுந்துவிடும். மழையில் மண் ஊறி வெடிப்பு மூடிக்கொள்ளும், அடிமண் மேல்நோக்கித் தள்ளப்படும். ஆண்டுக்கு ஆண்டு இப்படி நிலம் தன்னைத்தானே புரட்டிப் போட்டுக்கொண்டே இருக்கிறது. விவசாயிக்கு இது வரம். தொல்லியலாளர் இங்கே மிகவும் நிதானமாக இருக்க வேண்டும். பானை ஓட்டுக் குவியலையும் தரைத்தளத்தையும் நம்பலாம். ஆனால் ஒரு பாசிமணி எத்தனை அடி ஆழத்தில் கிடைத்தது என்பதை மட்டும் வைத்து அதன் வயதைச் சொல்லக்கூடாது. குழியின் ஓரச்சுவரில் மண்ணடுக்குகள் கோடு கோடாகத் தெரிவதையும், அவற்றுக்குக் குறுக்கே பழைய வெடிப்புகள் கறுப்பாக இறங்கியிருக்கிறதா என்பதையும் பார்த்துப் பார்த்து எழுதிவைக்கும் அகழாய்வு இளைஞர்களின் வேலைக்கு நாம் போதிய மதிப்புத் தருவதில்லை. பொருளைத் தூக்கிக் காட்டும் படம்தான் எல்லோருக்கும் போய்ச் சேர்கிறது.

காளைக் கல்லுக்கும் அதே கதிதான். படம் வந்ததும், ரோமானியத் தொடர்பு என்ற பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. அப்படிச் சொல்லத் தூண்டுவது எது என்று எனக்குப் புரிகிறது. மோதிரக் கல்லில் குழிவெட்டு என்றதும் நமக்கு அரிக்கமேடு நினைவுக்கு வருகிறது.

கி.ரா. தன் பிற்காலத்தைப் புதுச்சேரியில் கழித்தார், 2021 மே 17இல் அங்கேயே மறைந்தார். அவர் வாழ்ந்த அந்த ஊரிலிருந்து சிறிது தூரத்தில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. 1937இல் அங்கே ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்த மணிகளைப் பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ துப்ரேய் விலைக்கு வாங்கினார். அவற்றில் ஒன்றில் ஒரு மனிதத் தலை வெட்டியிருந்தது. அது அகஸ்டஸின் முகம் என்று விக்தர் கோலுபேவ் என்ற அறிஞர் கருதினார். 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக் கடல் பக்கத்து மதுச் சாடிகளும் இத்தாலிய அரெட்டைன் பாண்டங்களும் வந்தன. அரிக்கமேட்டில் கிடைத்த இன்னொரு மணிதான் எனக்கு அகஸ்டஸைவிட முக்கியமாகப் படுகிறது. படிகத்தில் மன்மதக் குழந்தையும் ஒரு பறவையும் வெட்டப்பட்ட அந்தக் கல்லின் ஓரம் சீவப்படவே இல்லை. விற்பனைக்கு வந்த சரக்கு அரைகுறையாக வராது. அந்தத் துறைமுகத்திலேயே யாரோ ஒருவர் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். கடல் கடந்து வந்த கைவினைஞரா, அவரிடம் கற்ற உள்ளூர்க்காரரா, அது வேறு விஷயம். குருவும் சீடனும் ஒரே திண்ணையில் இருந்திருக்கலாம் என்று நினைத்துப் பார்க்க எனக்குப் பிடித்திருக்கிறது.

கேரளத்தில் பட்டணம் என்ற ஊரில் செல்வத்தின் தெய்வமான ஃபார்ச்சூனா உருவமும், அகஸ்டஸ் வைத்திருந்ததாகச் சொல்லப்படும் முத்திரையை ஒத்த ஸ்பிங்க்ஸ் உருவமும் கிடைத்திருக்கின்றன. கீழடியில் காட்டுப்பன்றி வெட்டிய சூதுபவளம். விஜயகரிசல்குளத்தில் திமில் காளை. வரிசையாகப் பாருங்கள். கடற்கரையில் நிற்கும்போது ரோமானியத் தெய்வங்கள். உள்நாட்டுக்குள் வர வர நம் காட்டு மிருகமும் நம் தொழுவத்து மாடும். திமில் நம்முடைய மாட்டின் அடையாளம். மாட்டை நாள்தோறும் பார்த்து வளர்ந்த ஒரு கண்தான் அந்தச் சீற்றத்தை, முன்கால் ஊன்றலை, கழுத்துச் சதையின் இறுக்கத்தைப் பிடிக்க முடியும். வெட்டும் முறை பல நாட்டுக் கைகளில் புழங்கிய ஒன்று, அதை மறுக்கத் தேவையில்லை. அந்தக் கல்லை ரோமானியப் பொருள் என்று சொல்லி உயர்த்துவது, அதை வெட்டிய கையை ஊரைவிட்டு அனுப்பிவிடுவதாகும். அதில் எனக்குச் சம்மதமில்லை.

அந்தக் கை எவ்வளவு தூரம் போகக்கூடியது என்பதற்கும் சான்று உண்டு. தாய்லாந்தின் தென்பகுதியில், கிராபி மாகாணத்தில், குவான் லுக் பட் என்ற மேடு இருக்கிறது. அங்கேயும் மழைக்குப் பிறகு மணி பொறுக்கியிருக்கிறார்கள். அங்கே கிடைத்தவற்றில் ரோமானிய பாணிக் குழிவெட்டுக் கற்கள் உண்டு. அவற்றோடு ஒரு பொன் உரைகல்லும் கிடைத்தது. அதன்மேல் தமிழ்பிராமியில், கி.பி. மூன்று நான்காம் நூற்றாண்டு எழுத்தில், 'பெரும்பதன் கல்' என்று இருக்கிறது. பெரும்பதன் என்ற தட்டார் வங்கக்கடலைக் கடந்துபோய் அந்த மேட்டில் பொன்னை உரைத்துப் பார்த்திருக்கிறார். மாறன், சேரல், குட்டுவன் என்று அரசர் பெயர்களை நமக்கு மனப்பாடமாகத் தெரியும். தொழிலாளி ஒருவர் தன் கருவிமேல் தானே எழுதிவைத்த பெயரும் அந்த வரிசையில் வர வேண்டும்.

மேட்டிலிருந்து ஆற்றுக்கு இறங்கினேன். வைப்பாற்றில் தண்ணீர் இல்லை, மணலிலும் வேலிக்கருவை முளைத்திருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, சாத்தூரைத் தொட்டு, விளாத்திகுளம் பக்கமாகப் போய்ச் சிப்பிகுளத்துக்கு அருகே கடலில் சேருகிற ஆறு. மேற்கே மலையில் செங்கோட்டைக் கணவாய், அதற்கப்பால் சேரநாட்டுத் துறைமுகங்கள். கிழக்கே முத்தும் சங்கும் விளைகிற மன்னார் வளைகுடா. 'எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ்' என்ற முதல் நூற்றாண்டுக் கிரேக்க வணிகக் கையேடு, முசிறிப் பக்கத்துத் துறைகளுக்கு வந்து இறங்கிய சரக்குகளில் பவளத்தோடும் செம்போடும் கண்ணாடிக் கட்டியையும் குறிப்பிடுகிறது. செய்து முடித்த பொருள் அல்ல, உருக்கி மறுபடி வார்ப்பதற்கான கட்டி. வாங்கியவர்களிடம் உலையும் கைத்திறனும் இருந்ததால்தான் கட்டியாக வந்தது. உள்ளூர் மணலிலும் உவர்மண்ணிலும் செய்த கண்ணாடியும் எகிப்து உப்பில் செய்த கண்ணாடியும் வேதியியல் பகுப்பாய்வில் பிரித்துக் காட்டக் கூடியவை. அரிக்கமேட்டு மணிகளுக்கு அந்த ஆய்வு நன்றாகவே நடந்திருக்கிறது. வைப்பாற்று மணிகளுக்கும் அதை விரிவாகச் செய்து, முடிவை இந்த ஊர்க் கண்காட்சியிலேயே தமிழில் எழுதி மாட்டினால், ஆடு மேய்க்கும் அந்த அம்மா தன் கழுத்தில் கிடந்தது எந்த உலையில் வெந்தது என்று தெரிந்துகொள்வார். அவருக்கு அந்த உரிமை இருக்கிறது.

சாத்தூருக்குப் போய்ச் சேவு பொட்டலத்தோடு இரவு தங்கி, மறுநாள் ஆற்றின் போக்கிலேயே கிழக்கே போனேன். எட்டயபுரம், விளாத்திகுளம், கடைசியில் சிப்பிகுளம். கரிசல் மெல்ல வெளுத்து மணலாகி, பனை கூடி, உப்புக் காற்று அடிக்கிறது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஓர் அண்ணாச்சியிடம் சங்கு பற்றிக் கேட்டேன். குளிக்கப் போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், கிடைப்பது தூத்துக்குடி வியாபாரிக்குப் போகிறது என்றார். அங்கிருந்து எங்கே என்று கேட்டதற்கு, "வங்காளத்துக்கு. அங்க கல்யாணப் பொண்ணு சங்கு வளையல்தான் போடணுமாம்லா" என்றார்.

விஜயகரிசல்குளத்தில் அறுத்துப் பாதியில் விட்ட சங்கு வளையல்களும் கழிவுத் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. இந்தக் கடலிலிருந்து ஆற்றங்கரை வழியே மேலே போய், அங்கே அறுபட்டு, தேய்ந்து, வளையலான சங்கு. இன்று அதே கடலின் சங்கு ரயிலேறி வங்காளத்துச் சங்கறுப்போரிடம் போகிறது. கரிசலில் அதை அறுக்கத் தெரிந்த கை ஒன்றுகூட இப்போது இல்லை என்றார் அண்ணாச்சி. நான் தேடிப் போன கல்லை வெட்டியவரின் தொழிலும் எந்தத் தலைமுறையில் நின்றுபோயிற்று என்று கேட்க அங்கே எனக்கு ஆள் கிடைக்கவில்லை.